ஏழாம் கட்டிலின் தண்ணிக் கணக்கு

உயிருக்குப் போராடிக்கொண்டு கிடக்கிற ஒருத்தரின்ரை நரம்புக்குள்ளாலை தண்ணி விட ஆருக்கும் பழக்கலாம். எப்ப நிப்பாட்டுறது எண்டு தெரிஞ்சு வைச்சிருக்கிறதுக்குத்தான் எங்களுக்குச் சம்பளம்.

தொண்ணூறுகளின்ரை நடுவிலை ரொறன்ரோவிலை, கிழக்குப் பக்கத்து ஆசுப்பத்திரி ஒண்டிலை, தீவிர சிகிச்சைப் பிரிவிலை நான் நேர்ஸ். ஊரிலை படிச்ச படிப்பை இஞ்சை வந்து திரும்பவும் முதலிலை இருந்து படிச்சு, சோதினை எழுதிப் பாஸ் பண்ணி வந்தனான். அதாலை எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. இருந்தது என்ன, இப்பவும் இருக்குது. வேலை இதுதான்: வருத்தக்காரருக்கு உள்ளை போறது எவ்வளவு, வெளியிலை வாறது எவ்வளவு எண்டு மணித்தியாலத்துக்கு மணித்தியாலம் அளந்து எழுதவேணும். உள்ளை போறது குறைஞ்சால் பிறசர் விழும், கிட்னி நிண்டுபோகும். கூடினால் சுவாசப்பைக்குள்ளை தண்ணி கட்டி, ஆள் கட்டிலிலை கிடந்தபடியே குளத்திலை மூழ்கிற மாதிரித் தாண்டுபோவார். இந்த வேலையிலை இருந்தவைக்கு நான் ஒண்டும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. இருக்காதவை, உங்கடை வீட்டிலை ஆராவது ஒருக்கா ஐசியுவிலை கிடந்திருந்தால், நீங்களும் எங்களோடை சேந்து மாரடிச்ச ஆக்கள்தான். இருந்து கேளுங்கோ.

மஞ்சள் சேலைன்

எங்கடை ஆக்கள் ஐசியுவுக்குள்ளை வந்தால் முதல் பாக்கிறது வருத்தக்காரரின்ரை முகத்தை இல்லை. கம்பியிலை தொங்குற பையைத்தான். "சேலைன் ஏறுதோ?" எண்டு ஒரு கேள்வி. ஏறுது எண்டால் பெருமூச்சு விட்டு இருப்பினம். நிப்பாட்டியாச்சு எண்டால் போச்சு, டொக்ரர்மார் கைவிட்டிட்டாங்கள் எண்டு அந்த இடத்திலையே அழுகை துவங்கும். சாப்பாடு, மருந்து, தென்பு எல்லாம் அந்தப் பைக்குள்ளைதான் இருக்குது எண்டு நம்புகிற சனம் நாங்கள்.

ஒருக்கா ஒருத்தர் மாரடைப்பு வந்த தமையனைப் பாக்க வந்தார். தமையன்ரை இதயம் களைச்சுப்போய் நிக்குது, தண்ணி கூட விட்டால் தாங்காது எண்டு நான் துளித்துளியாய்த்தான் விட்டுக்கொண்டிருந்தன். இவர் அந்தத் துளியை எண்ணிக்கொண்டு நிண்டார். பக்கத்துக் கட்டிலிலை ஒரு வெள்ளைக்காரர். குடலிலை வெட்டினபடியாலை வாயாலை சாப்பிடேலாது, அவருக்குச் சத்து மருந்து கலந்த மஞ்சள் பை ஓடுது. எனக்கு விளங்கிப்போச்சு இவற்றை கண் எங்கை போகுது எண்டு. கால்மணித்தியாலம் நிண்டு, இதயம் எண்டால் என்ன, குடல் எண்டால் என்ன எண்டு சின்னப்பிள்ளைக்குச் சொல்லுற மாதிரிச் சொன்னன். எல்லாத்துக்கும் தலையாட்டினார். முடிய என்னை மூலைக்குக் கூப்பிட்டு, குரலைத் தணிச்சுச் சொன்னார்:

"தங்கச்சி, நீர் இஞ்சை வேலை செய்யிறனீர், வாய் திறக்கேலாது, அது எனக்கு விளங்குது. ஆனால் வெள்ளைக்காரனுக்கு மஞ்சள், எங்கடையாளுக்குப் பச்சைத்தண்ணி எண்டால், உது நியாயமோ?"

கலியாண வீட்டிலை ஒரு கால்

இந்த வேலையை வீட்டு வாசலிலை கழட்டி வைக்கேலாது. ரெக்ஸ்டேலிலை ஒரு ஹோலிலை கலியாணம். எனக்கு முன்வரிசையிலை மாப்பிள்ளையின்ரை மாமா ஒருத்தர் இருந்தார், பட்டுவேட்டி, சால்வை எல்லாம் எடுப்பாய்த்தான் இருந்தது. நான் பாத்தது அவற்றை காலை. செருப்பு வார் தசைக்குள்ளை புதைஞ்சு கிடக்குது. பொறுத்துப் பொறுத்துப் பாத்தன், முடியேல்லை. எழும்பிப் போய்ப் பக்கத்திலை இருந்து, "அங்கிள், ஒருக்கா காலைக் காட்டுங்கோ" எண்டு குனிஞ்சு, பெருவிரலாலை அமத்திப் பிடிச்சு அஞ்சு எண்ணி விட்டன். குழி விழுந்தது விழுந்தபடி நிக்குது, உள்ளை முழுக்கத் தண்ணி! பேந்து என்ன, "எத்தினை தலாணி வைச்சுப் படுக்கிறனீங்கள்? எத்தினை தரம் ஒண்டுக்குப் போறனீங்கள்?" எண்டு கேட்டு, திங்கக்கிழமை டொக்ரரிட்டைப் போகச் சொல்லி, உப்புக் கூடாதெண்டு கையிலை இருந்த மோர்மிளகாயையும் வாங்கி வைச்சிட்டன். அந்த நேரம் பாத்து மேளம் நிண்டுபோச்சு. நான் கேட்ட கடைசிக் கேள்வி அரைவாசி ஹோலுக்குக் கேட்டிருக்கும்.

மாமா திங்கக்கிழமை போய்க் காட்டினவர், நான் சொன்னது சரியாய்த்தான் இருந்தது. ஆனால் அண்டைக்கு வீட்டை வரேக்கை என்ரை மனுசன் ஹைவே முழுக்க ரேடியோவைப் பலமாய்ப் போட்டுக்கொண்டு வந்தார். எங்கடை வெளிவாசலிலை காரைத் திருப்பேக்கைதான் வாய் திறந்தார்:

"இஞ்சரும், நான் உம்மைக் குறை சொல்லேல்லை. அடுத்த கலியாண வீட்டிலையாவது ஆக்களின்ரை முகத்தைப் பாத்துக் கதையும்."

எவடம், ஆற்றை பிள்ளை

இனி ஏழாம் கட்டிலுக்கு வாறன். சிவஞானம் அங்கிளுக்கு அறுபத்திநாலு வயசு. பித்தப்பையிலை வந்த கிருமி இரத்தத்திலை ஏறி, பிறசர் விழுந்து, நினைவில்லாமல் கொண்டு வந்திச்சினம். அப்பிடியான நேரத்திலை இரத்தக்குழாய் எல்லாம் ஒழுகத் துவங்கிடும். பிறசர் ஏறுமட்டும் தண்ணியை ஊத்துறதை விட வேறை வழியில்லை. முதல் ரெண்டு நாளிலை ஒன்பது லீற்றர் விட்டம். ஆள் தப்பினார். தொண்டைக்குள்ளை ரியூப், மெசினிலை மூச்சு. டொக்ரர் நீல் எண்டு ஒரு இளம் டொக்ரர்தான் அவரைப் பாத்தவர். குடும்பத்துக்கு நேரை சொல்லிப்போட்டார்: விட்ட தண்ணி மெல்ல மெல்லச் சலமாய், மூத்திரமாய் இறங்கி, வாற கிழமை ரியூப் எடுத்தால் வீட்டை போவார், சுவாசப்பையிலை திரும்பவும் தண்ணி கட்டினால், இந்த வயசுக்கு இன்னொரு தரம் தாங்கமாட்டார்.

அங்கிளின்ரை மனுசி பூமணி அன்ரி. மகன்ரை வீடு ரூஜ் பக்கம். மகன் பிறம்ரனிலை வெயர்ஹவுசிலை வேலை, பின்னேரம்தான் வருவான். அன்ரி இங்கிலிஸ் ஒரு சொல்லுத் தெரியாமல், ரெண்டு பஸ் மாறி, பனிக்குள்ளை தனிய வந்துவிடுவா. என்னைக் கண்டதும் "தமிழோ?" "ஓம் அன்ரி." "ஊரிலை எவடம்?" சொன்னன். "ஆற்றை பிள்ளை?" அதையும் சொன்னன். அஞ்சு நிமிசத்திலை என்ரை அப்பாவின்ரை ஒண்டைவிட்ட தமையன் அன்ரியின்ரை தமக்கையின்ரை சம்பந்தி எண்டு கண்டுபிடிச்சா. அதோடை நான் நேர்ஸ் இல்லை, "எங்கடை பிள்ளை". ஐசியுவிலை மணித்தியாலத்துக்குப் பத்து நிமிசம்தான் ஆக்களை விடுறது. எனக்கு மனம் கேக்கேல்லை. எங்கடை பகுதிக்குப் பொறுப்பான டோரீனிட்டைப் போய், இந்த மனுசிக்குப் பாசை தெரியாது, பக்கத்திலை இருந்தால் எனக்கும் உதவி எண்டு சொல்லி, ஒரு கதிரை வாங்கிப் போட்டன். டோரீன் ஜமேக்காக்காரி, முப்பது வருசம் இந்த வேலையிலை ஊறின மனுசி. கண்ணாடிக்கு மேலாலை என்னைப் பாத்து ஒண்டே ஒண்டுதான் சொன்னா:

"இருக்கட்டும். அவ ஒரு விரலை எதிலையாவது வைச்சால், அது உன்ரை விரல்."

உடம்பு வைச்சிட்டார்

ஒன்பது லீற்றர் உள்ளை போனால் அது எங்கையாவது நிக்கத்தானே வேணும்? அங்கிளுக்கு முகம், கை, கால் எல்லாம் வீங்கி, கண்மடல் திறக்கேலாமல் கிடந்தார். மோதிரத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழட்ட நானும் அன்ரியும் அரைமணித்தியாலம் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். அந்தக் கோலத்திலை கிடக்கேக்கை, மகன்ரை வீட்டுக்குப் பக்கத்திலை இருக்கிற தம்பதி ஒண்டு பாக்க வந்தது. கையிலை ஒரு பை தோடம்பழம். ரியூப்பிலை கிடக்கிற மனுசனுக்குத் தோடம்பழம்! அந்த மனுசி கட்டிலைச் சுத்தி ஒருக்கா வந்து, அங்கிளின்ரை கன்னத்தை வடிவாய்ப் பாத்திட்டு, அன்ரியைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு சொன்னா:

"அன்ரி, நீங்கள் வீணாய்க் கவலைப்படுறியள். போன மாதம் கோயிலிலை கண்டதுக்கு, அங்கிள் இப்ப நல்லாய் உடம்பு வைச்சிருக்கிறார்."

பொம்புக்குத் திருநீறு

தண்ணியைக் கணக்காய் விடுறதுக்கு ஒரு பொம்ப் இருக்குது, கம்பியிலை பூட்டியிருக்கும். குழாய்க்குள்ளை ஒரு காத்துக்குமிழி வந்தாலும் கீக்கீ எண்டு கத்தும். ஏழாம் கட்டில் பொம்ப் ஒரு கோதாரி பிடிச்ச பொம்ப், காரணமில்லாமலே கத்தும். அன்ரி அதைப் பாத்துப் பாத்து ஏங்கிப்போய், ஒருநாள் காலமை அங்கிளுக்குத் திருநீறு பூசின கையோடை அதுக்கும் மூண்டு குறி இழுத்து, நடுவிலை சந்தனமும் வைச்சுவிட்டா. அதுக்குப் பிறகு ரெண்டு நாள் அது கத்தேல்லை, சத்தியமாய். அதாலை நானும் துடைக்கேல்லை. மெசின் திருத்திற மனுசன் மாதச் சோதினைக்கு வந்து, குனிஞ்சு பாத்து, நிமிந்து என்னைப் பாத்துக் கேட்டான்:

"இதுக்கு நெத்தியிலை மருந்து கட்டியிருக்கிறியள். எங்கையாவது விழுந்திட்டுதோ?"

வறண்ட பெட்டி

அஞ்சாம் நாள். அங்கிளுக்குச் சலம் மணித்தியாலத்துக்கு ஐம்பது மில்லிலீற்றர் அளவிலை நல்லாய்ப் போகத் துவங்கியிருந்தது. வீக்கம் வத்துது. ரெண்டு நாளிலை ரியூப் எடுக்கலாம் எண்ட கதையும் வந்திட்டுது. அதை எப்பிடி அளக்கிறது எண்டு சொல்லவேணும். கட்டில் ஓரத்திலை, கீழை, கோடு போட்ட சின்னப் பிளாஸ்ரிக் பெட்டி ஒண்டு தொங்கும். சலம் குழாயாலை முதல் அதுக்குள்ளைதான் வரும். மணித்தியாலம் முடிய நான் குனிஞ்சு கோட்டைப் பாத்து எழுதிப்போட்டு, பெட்டியைச் சரிச்சுப் பின்னுக்கு இருக்கிற பெரிய பைக்குள்ளை விழுத்துவன். அடுத்த மணித்தியாலம் வெறும் பெட்டியிலை துவங்கும். பெரிய பையை வேலை முடியிற நேரம் ஒருக்காத்தான் வெறுமையாக்கிறது.

அண்டைக்கு ஒரு நேர்ஸ் வரேல்லை. எனக்கு ஏழாம் கட்டிலோடை எட்டாம் கட்டிலையும் தந்திட்டினம். எட்டிலை ஒரு மனுசி, வயித்துக்குள்ளை இரத்தம் போய்க்கொண்டு இருக்குது. நான் இரத்தம் ஏத்திறதும் பிறசர் பாக்கிறதுமாய் அங்கையே நிண்டன். பத்து மணிக்கு அங்கிளின்ரை பெட்டியிலை ஐம்பது. பதினொண்டுக்கு ஓடி வந்து பாத்தால் பத்து. பன்ரெண்டுக்கு ஒண்டும் இல்லை. பெட்டி வறண்டு கிடக்குது. டொக்ரர் நீலைக் கூப்பிட்டன். கிருமி திரும்பவும் எழும்புது, கிட்னிக்கு இரத்தம் காணாது எண்டு அவர் அரை லீற்றர் தண்ணியை வேகமாய் விடச் சொன்னார். விட்டன். ஒரு மணிக்குப் பெட்டியிலை அஞ்சு. இன்னும் அரை லீற்றர். ரெண்டு மணிக்கு ஒண்டும் இல்லை. அதுக்கிடையிலை அங்கிளுக்கு மூச்சு இழுக்கத் துவங்கிட்டுது. நெஞ்சிலை ஸ்ரெதஸ்கோப் வைச்சால் கொறகொற எண்டு தண்ணிச் சத்தம். ஒட்சிசனைக் கூட்டிக் கூட்டி, காலமை இருந்ததுக்கு ரெண்டு மடங்குக்குக் கிட்டப் போயிட்டம். விட்ட ஒரு லீற்றரும் சுவாசப்பைக்குள்ளைதான் போகுது. ரெண்டு நாளிலை ரியூப் எடுக்க இருந்த மனுசன் என்ரை கண்ணுக்கு முன்னாலை தாண்டுகொண்டு போறார்.

கிட்னி பழுதாய்ப் போச்சு, டயலிசிஸ் மெசின் பூட்டவேணும், கழுத்திலை ஒரு குழாய் ஏத்தவேணும் எண்டு டொக்ரர் முடிவெடுத்தார். சம்மதக் கடுதாசியை நான்தான் அன்ரிக்குத் தமிழிலை சொன்னன். "அங்கிளின்ரை கிட்னி வேலை செய்யேல்லை அன்ரி, மெசின் பூட்டினால்தான் தப்புவார்." அவசரத்திலை அவ்வளவுதான் சொன்னன். "சலம் வரேல்லை" எண்டு ரெண்டு சொல்லுச் சொல்லியிருந்தால் கதை அந்த இடத்திலையே முடிஞ்சிருக்கும். சொல்லேல்லை. அன்ரி கையெழுத்து வைச்சா. டொக்ரர் கையுறை போட்டு, நீலத்துணி விரிச்சு நிக்கிறார். கட்டிலைச் சுவரிலை இருந்து இழுக்கவேணும் எண்டு நான் சலப்பையை மற்றப் பக்கம் மாட்டத் தூக்கினன். தூக்கின கைக்கு உடனை தெரிஞ்சு போச்சு. பை பாரமாய் இருக்குது. காலமையிலை இருந்து நான் எழுதினது நூற்றிஅறுபது. பையிலை நானூறுக்குக் கிட்ட நிக்குது.

நிமிந்து அன்ரியைப் பாத்தன். அழுத கண்ணோடை என்னைப் பாத்து மெல்லச் சிரிக்கிறா. "நான்தான் பிள்ளை சரிச்சு ஊத்தினனான். மணி அடிக்க முன்னமே ஊத்திப்போடுவன். உமக்கு அங்கை எவ்வளவு வேலை." மணிக்கூட்டைப் பாத்துப் பாத்து, நான் வர அஞ்சு நிமிசம் முந்தி, நான் சரிக்கிற மாதிரியே அச்சொட்டாய்ச் சரிச்சிருக்கிறா. நான் "நிப்பாட்டுங்கோ!" எண்டு கத்தினது எட்டாம் கட்டில் மனுசிக்கும் கேட்டிருக்கும். பொம்பை நிப்பாட்டி, டொக்ரரிட்டைப் பையைத் தூக்கிக் காட்டி, கணக்கைச் சொன்னன். பையை நான் பாக்கேல்லை, பிழை என்ரை எண்டும் சொன்னன். தண்ணி இறக்கிற ஊசி போட்டம். டொக்ரர் நீல் கையுறையைக் கழட்டி எறிஞ்சு போட்டு, ஒரு நிமிசம் கதிரையிலை இருந்தார். பேந்து சொன்னார்:

"இண்டைக்கு இந்த இடத்திலை ஒழுங்காய் வேலை செய்த ஒரே ஆள் இவற்றை கிட்னிதான்."

பெண்சாதியின்ரை வேலை

அன்ரியை நடைவழிக்குக் கூட்டிக்கொண்டு போனன். எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்லை. என்ரை கதிரையிலை இருந்துகொண்டு, என்ரை முதுகுக்குப் பின்னாலை, என்ரை கணக்கையே குழப்பி வைச்சிருக்கிறா. கத்தவேணும் போலை இருந்தது. ஆனால் கத்தினால் அவவுக்கு விளங்காமல் போயிடும் எண்டு பல்லைக் கடிச்சுக்கொண்டு, பெட்டி எதுக்கு, பை எதுக்கு, பெட்டி வறண்டால் நாங்கள் என்ன செய்வம் எண்டு ஒண்டொண்டாய்ச் சொன்னன். சொல்லச் சொல்ல அவவின்ரை முகம் வெளிறிக்கொண்டு போனது. "அப்ப அவருக்கு இழுத்தது என்னாலையோ?" எண்டு கேட்டா. இல்லை எண்டு ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நான் சொல்லேல்லை. "ஓம் அன்ரி. பாதி உங்களாலை, பாதி என்னாலை" எண்டன்.

அன்ரி சுவரோடை சாய்ஞ்சு அப்பிடியே இருந்திட்டா. நானும் பக்கத்திலை நிலத்திலை இருந்தன். ஏன் அன்ரி செய்தனீங்கள், நான் கேட்டனானோ எண்டு கடைசியாய்க் கேட்டன். என்ரை வேலையைக் குறைக்க எண்டுதான் சொல்லுவா எண்டு நினைச்சன். அவ கோட்டுப் பொக்கற்றுக்குள்ளை இருந்த கடுதாசியாலை மூக்கைத் துடைச்சுப்போட்டுச் சொன்னா:

"இவ்வளவு படிச்ச எங்கடை பிள்ளை, இவற்றை சலத்தைக் குனிஞ்சு குனிஞ்சு பாக்கிறதைக் காண எனக்கு வெக்கமாய் இருந்தது. அது என்ரை வேலை எல்லே பிள்ளை. நான்தானே பெண்சாதி."

எனக்கு இருந்த கோவம் எங்கை போனது எண்டு தெரியேல்லை. எங்கடை ஆக்கள் என்னை ஆருக்காவது அறிமுகப்படுத்தேக்கை "ஆசுப்பத்திரியிலை வேலை" எண்டு சொல்லி நிப்பாட்டிப்போடுவினம், நேர்ஸ் எண்டு வாய் திறக்காயினம். அதுக்கு நான் கனதரம் கொதிச்சிருக்கிறன். அண்டைக்கு நானும் சேந்து அழுதன், மறைக்க ஒண்டுமில்லை.

காரணம்

இப்பிடி ஒண்டு நடந்தால் ஒரு படிவம் நிரப்பவேணும். என்ன நடந்தது, ஆர் கண்டது, காரணம் என்ன. மற்றதெல்லாம் கெதியாய் எழுதிப்போட்டன். காரணம் எண்ட இடத்திலை பேனை நிண்டது. "உறவினர்" எண்டு ஒரு சொல்லு எழுதினால் எனக்கு ஒண்டும் வராது. அன்ரியை வெளியிலை விடுவினம். அங்கிளுக்குச் சுவாசப்பை இன்னும் தெளியேல்லை, தப்புவாரோ இல்லையோ எண்டு ஒருத்தருக்கும் தெரியாத நேரத்திலை அந்த மனுசியை எங்கை விடுறது? "பெட்டியை மட்டும் பாத்தன், பையைப் பாக்கேல்லை. உறவினருக்குப் பெட்டி எதுக்கு எண்டு சொல்லிக் குடுக்கேல்லை" எண்டு என்ரை பேரைப் போட்டு எழுதிக் குடுத்தன். டோரீன் நிண்ட நிலையிலை ரெண்டு தரம் வாசிச்சா. அவ படிவத்தை மடிச்சு உறைக்குள்ளை வைச்சுக்கொண்டு சொன்னா:

"இதுவரைக்கும் நான் வாசிச்ச படிவங்களிலை காரணம் எப்பவும் மெசின்தான். முதல் தரம் ஒரு ஆளின்ரை பேர் பாக்கிறன். கதிரையை எடுக்காதை."

இண்டைக்கு எத்தினை?

அண்டு பின்னேரத்துக்கிடையிலை அங்கிளுக்கு அறுநூறு போனது. ஆனால் சுவாசப்பை தெளிய மூண்டு நாள் எடுத்தது. அந்த மூண்டு நாளும் நான் சோறு ஒழுங்காய்த் தின்னேல்லை. அன்ரிக்கு ஒரு வேலை குடுத்தன்: பெட்டியிலை கை வைக்கப்படாது, மணி அடிக்க மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கோட்டை வாசிச்சுச் சொல்லவேணும். அவ வாசிப்பா, நான் குனிஞ்சு சரிபாத்து எழுதி, நானே சரிச்சு ஊத்துவன். ஒருக்காவும் பிழை விடேல்லை. எங்கடை இடத்திலை படிச்சு வந்த சிலபேரை விட அன்ரியின்ரை கண் திறம்.

பிழை நான் விட்டது எங்கை எண்டால், சலம் கூடப் போனால் அங்கிளுக்கு நல்லது எண்டு சொன்னதிலை. அன்ரி நடைவழித் தொலைபேசியிலை காசு போட்டு மகனுக்கு எடுத்து "எண்பத்தைஞ்சு!" எண்டு கத்துவா. மகன் வீட்டை போய் லண்டனிலை இருக்கிற தமக்கைக்குச் சொல்லுவான். அங்கை அவ, நூற்றிருபது தாண்டினால் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிறன் எண்டு நேர்த்தி வைச்சிட்டா. ரெண்டாம் நாள் நூற்றிமுப்பது போனது, தேங்காயும் உடைஞ்சது. அண்டைக்கு வேலை முடிஞ்சு நேரை வந்த மகன், தலைப்பாரம் குறைஞ்ச முகத்தோடை என்னட்டைச் சொன்னான்:

"அக்கா, வெயர்ஹவுசிலை என்ரை சுப்பவைசரும் கேக்கத் துவங்கிட்டான், அப்பா இண்டைக்கு எத்தினை எண்டு."

கேக்காமல் செய்தது

எட்டாம் நாள் காலமை ரியூப் எடுத்தம். எடுத்து முதல் மணித்தியாலம் நான் கட்டிலை விட்டு அசையேல்லை. அங்கிள் இருமினார், மூச்சு வாங்கினார், திரும்பவும் இருமினார். ஆனால் தன்ரை மூச்சைத் தானே விட்டார். மத்தியானத்துக்குப் பிறகு கரகரத்த குரலிலை "பூமணி" எண்டு கூப்பிட்டார். எட்டு நாளுக்குப் பிறகு கேட்ட முதல் சொல்லு. அன்ரி எழும்பிக் கட்டில் கம்பியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டா. "அன்ரி, அதை இப்ப சொல்லத் தேவையில்லை, வீட்டை போய்ச் சொல்லுங்கோ" எண்டு நான் காதுக்குள்ளை சொன்னன். "இல்லைப் பிள்ளை, இவருக்குத் தெரியாமல் நான் ஒண்டும் வைச்சிருந்த பழக்கமில்லை" எண்டுபோட்டு, பெட்டியிலை இருந்து கடைசி வரைக்கும், ஒண்டும் விடாமல், தன்னிலை உள்ள பிழையை ஒரு இடத்திலையும் குறைக்காமல் சொன்னா. "உங்களைச் சாகடிக்கப் பாத்தனப்பா" எண்டு முடிச்சா.

அங்கிள் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். எனக்குப் பயம் பிடிச்சுக்கொண்டுது. ஏசினால், இவ்வளவும் பட்ட இந்த மனுசி அந்த இடத்திலையே உடைஞ்சு போவா. நான் பொம்பிலை திருத்த ஒண்டும் இல்லாமலே திருத்திக்கொண்டு நிண்டன். அங்கிள் கையைத் தூக்கினார். வீக்கம் வத்தித் தோல் சுருங்கிப்போன கை. அதை அன்ரியின்ரை கைக்கு மேலை வைச்சு, அவவைப் பாக்காமல், என்னைப் பாத்துச் சொன்னார்:

"முப்பத்தெட்டு வருசமாய் இவ எனக்குச் செய்ததெல்லாம் நான் கேக்காமல் செய்ததுதான், பிள்ளை. அவ்வளவுக்குள்ளையும் ஒண்டுதான் பிழையாய்ப் போனது. அதுவும் உம்மிலை வைச்ச அன்பிலை, பட்சத்திலை."

ஒரு மனுசனுக்கு மணித்தியாலத்துக்கு எத்தினை மில்லிலீற்றர் விடலாம் எண்டு நித்திரையிலை கேட்டாலும் நான் சொல்லுவன்; அவரிலை பட்சமான ஆளைக் கட்டிலுக்கு எவ்வளவு கிட்ட விடலாம் எண்டதை அளக்கத்தான் இன்னும் ஒரு பெட்டியும் வரேல்லை, வந்தாலும் ஆரோ ஒரு அன்ரி அதையும் எனக்கு உதவியாய்ச் சரிச்சு ஊத்திப்போடுவா.